மரவள்ளிக்கு ஒரு ஓட்டு

துரினாவின் கதை அச்சில் வந்த ஞாயிற்றுக்கிழமை, அதன் கடைசிப் பதினோரு வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் சுன்னத் செய்யும் ஒரு டாக்டரின் விளம்பரம் இருந்தது. பள்ளி விடுமுறைக் காலம் அது. 'லேசர் முறை. தையல் கிடையாது. மறுநாளே பந்து விளையாடலாம்' என்ற வாசகத்துக்குக் கீழே ஒரு பையன் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எந்த விளம்பரத்துக்காக எதை வெட்டியிருக்காங்க பாரு" என்று வஸ்துகி வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பைப் பாதியில் விழுங்கினார். மீன் சந்தையில் ஐஸ் வியாபாரம் செய்பவர். எது எப்போது உருகும் என்பது அவருக்கு ஓரளவு தெரியும்.

துரினாவுக்கு நாற்பத்தேழு வயது. அரசு சுகாதார நிலையத்தின் பதிவுச் சன்னலில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைபேசியில் கதை எழுதுவாள். இது அச்சில் வந்த நான்காவது கதை. முதல் மூன்றையும் அவளும் வஸ்துகியும் அச்சுக்கோத்தவரும் படித்திருக்கலாம்.

கதை ஒன்றும் ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. ஜாவாவின் வடகரையில் எங்கள் மாவட்டத்தில் எந்த ஊரிலும் நடப்பதுதான். ஊர்த்தலைவர் தேர்தலில் குறைந்தது இரண்டு வேட்பாளராவது நிற்க வேண்டும் என்று சட்டம். சில ஊர்களில் தலைவரை எதிர்த்து நிற்க ஒருவருக்கும் துணிவிருக்காது, சில ஊர்களில் நேரமிருக்காது. அப்போது தலைவர் தன் மனைவியையே எதிரே நிறுத்திவிடுவார். மனைவி மனு போடுவாள், படம் எடுத்துக்கொள்வாள். ஓட்டுப்பதிவு நாளன்று காலை முதல் மாலைவரை அலங்கரித்த மேடையில் கணவனுக்குப் பக்கத்து நாற்காலியில், பட்டுச் சட்டையும் கொண்டையுமாக, எதிரியாக உட்கார்ந்திருப்பாள். கணவனின் ஆதரவாளர்களுக்குச் சோறாக்கிப் போட்டுவிட்டுத்தான் வந்து உட்காருவாள்.

'மரவள்ளிக்கு ஒரு ஓட்டு' அப்படி ஒரு மனைவியின் கதை. கணவன் கார்மாத்துக்குச் சின்னம் நெற்கதிர். மனைவி சுமர்ணிக்கு மரவள்ளிக்கிழங்கு. நாள் முழுக்க ஊரார் வரிசையில் வந்து, ஓட்டுச்சீட்டில் ஆணியால் குத்திவிட்டுப் போகிறார்கள். மாலையில் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு சீட்டாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டை எங்கே தெரிகிறது என்று பார்த்து, 'நெல்! நெல்! நெல்!' என்று கூவுகிறார்கள். ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு நெல்லுக்கு நடுவே, ஒரே ஒரு தடவை, 'மரவள்ளி!' கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. சுமர்ணி நேரே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

பத்திரிகையில் அதோடு சரி. அதற்குக் கீழே கட்டைவிரல் பையன்.

திங்கட்கிழமை காலை துரினா ஞாயிறு இதழின் ஆசிரியர் இம்ரோனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். எங்கள் பக்கம் பெண்ணை மரியாதையாக 'இபு' என்போம்; ஆணை 'பாக்', கொஞ்சம் இளையவரென்றால் 'மாஸ்'.

"இபு, கதை பிரமாதம்! ஆபீஸ்ல எல்லாரும் பேசிக்கிட்டோம்."

"கடைசி பதினோரு வரி எங்க, மாஸ்?"

"அதுவா... எடம் கொஞ்சம் பத்தலை. டாக்டர் கடைசி நேரத்துல பெரிய விளம்பரமா கேட்டுட்டாரு. ஆனா பாருங்க, கதை அப்படியே ஜம்முனு நிக்குது. ஒருத்தர்கூடக் கவனிக்கலை."

"ஒருத்தர்கூடக் கவனிக்கலைங்கறதுதான் மாஸ் எனக்குப் பிரச்சினை. அடுத்த வாரம் ஒரு திருத்தம் போடுங்க."

"கதைக்குத் திருத்தமா?" இம்ரோன் உண்மையாகவே திகைத்துப்போனார். "இபு, மேயரோட பேரைத் தப்பாப் போட்டதுக்கே நாங்க திருத்தம் போடலை."

ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை என்று இம்ரோன் சொன்னது பொய். கவனித்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் கவனித்தது வேறு. பதிவுச் சன்னலுக்கு வந்த பெண்கள் அடையாள அட்டையோடு ஒரு பெருமூச்சையும் சேர்த்து நீட்டினார்கள். "பாவம் இபு அந்தப் பொம்பளை, தனக்குத் தானே ஒரு ஓட்டுப் போட்டுக்கிட்டா." ஒரு கிழவர் காய்ச்சலை மறந்து சிரித்தார். "ஒத்த ஓட்டு! அதுவும் சொந்த ஓட்டு! தலைப்பே சிரிப்பு மூட்டுதும்மா." மருத்துவச்சி ஒருத்தி அவளைத் தனியே இழுத்துப்போய், வீட்டில் வஸ்துகி கை நீட்டுகிறாரா என்று கிசுகிசுத்தாள்.

துரினாவுக்கு நெஞ்சில் முள் இருந்தது இங்கேதான். கதை முழுவதையும் அவள் எழுதியது அந்தப் பதினோரு வரிக்குப் போய்ச் சேரத்தான். மற்றதெல்லாம் வழி. வரிகள் இருந்தால் தலைப்பு சுமர்ணியின் தலையில் வைத்த பூ. இல்லாவிட்டால் அதே தலைப்பு, ஊரோடு சேர்ந்துகொண்டு அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. தான் பெற்ற பெண்ணை யாரோ நடுத்தெருவில் நிறுத்தி, 'இவளுக்கு இவளே ஓட்டு' என்று எழுதி மாட்டிவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

அதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தாள் என்று விட்டிருப்பாள். தாளில் பொரித்த மரவள்ளியைச் சுற்றிக் கொடுத்தபிறகு யார் நினைவில் வைத்திருக்கப்போகிறார்கள்? ஆனால் விஷயம் டாக்டராண்டஸ் ஹாஜி பிரோஜோசுமார்தோ, எம்.ஹும். அவர்களின் கையில் சிக்கிவிட்டது.

பாக் பிரோஜோ எங்கள் மாவட்டத்தின் இலக்கிய அறிஞர். ஒருவர்தான் இருக்கிறார், ஆகவே தலைசிறந்தவரும் அவரே. பெயருக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் பட்டங்களில் ஒன்று குறைந்தாலும் கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி அனுப்பிவிடுவார். மாவட்ட நூலகம் அந்த வருஷம் நம் மண்ணின் சிறந்த கதைகள் என்று ஒரு தொகுப்பு கொண்டுவர முடிவு செய்தது. தேர்வாளர் பாக் பிரோஜோ. அவர் துரினாவின் கதையை, அதாவது கட்டைவிரல் பையனுக்கு மேலே இருந்த பகுதியை, முதல் கதையாக வைத்தார். அதைப் பற்றிப் பதினேழு பக்கத்தில் முன்னுரையும் எழுதினார். அதன் பெயர்: 'மண்ணுக்கடியில் ஒரு முனகல்: கிழங்கும் ஒடுக்கப்பட்ட பெண்மையும்'.

துரினா ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போனாள். வரவேற்பறைச் சுவரில் சான்றிதழ்கள் பல்லிக்குக்கூட இடம் விடாமல் தொங்கின. மல்லிகைத் தேநீர் வந்தது, மண்குவளையில் கற்கண்டோடு.

"இபு துரினா! உங்க கடைசி வரி இருக்கே. 'சுமர்ணி நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.' அந்த மௌனம்! அந்த வெட்டு! இந்த மாதிரி முடிக்கிற துணிச்சல் நம்ம மாவட்டத்துல யாருக்கும் வந்ததில்லை."

"அது நான் வெட்டினதில்லை, பாக். சுன்னத் டாக்டர் வெட்டினது."

அவள் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். பாக் பிரோஜோ சூடான சட்டியைக் கண்டவர்போல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம். நான் படிக்க மாட்டேன்."

"பதினோரு வரிதான்."

"படிச்சா என் வாசிப்பு கெட்டுப்போயிடும்." அவர் குரல் இறங்கியது. "இபு, நான் இதை செமாராங்ல கருத்தரங்குல வாசிச்சாச்சு. கோலாலம்பூர்லயும் வாசிச்சாச்சு. அங்க ரெண்டு பேர் அழுதாங்க. ஆய்விதழ்ல வந்து, என் பதவி உயர்வுக் கோப்புலயும் சேர்ந்தாச்சு. இப்பப் போய் அந்த ஓட்டு அவளோடது இல்லைன்னு நீங்க சொன்னா, நான் அழுதவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

"அவளோடது இல்லைதான், பாக்."

பாக் பிரோஜோ ஒரு கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டார். மறு கையில் தேநீர் இருந்தது. "நான் எதுவும் கேக்கலை. தொகுப்பு திங்கட்கிழமை காலையில அச்சுக்குப் போகுது. கதை பத்திரிகையில வந்த மாதிரியேதான் இருக்கும். பிடிக்கலைன்னா கதையைத் திரும்ப வாங்கிக்கலாம், அது உங்க உரிமை. சனிக்கிழமை விழாவுக்கு வந்துடுங்க. கடைசியில உங்களுக்கு அஞ்சு நிமிஷம் உண்டு. கதை எப்படிப் பொறந்ததுன்னு பேசலாம். எப்படி முடிஞ்சதுன்னு பேச வேண்டாம்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் வஸ்துகி குதித்தார். "வாங்கிடு கதையை! மீன் சந்தையில என்னை ஒரு தினுசாப் பாக்கறாங்க. நேத்து நண்டுக்காரி கேக்கறா, 'ஏன் பாக், எழுதற பொம்பளையை இப்படியா முனக விடுவீங்க'ன்னு. பாக் பிரோஜோவே சொல்லிட்டாராம்."

"வாங்கினா கதையே இல்லாமப் போயிடும். விட்டா காலாகாலத்துக்கும் சுமர்ணியைப் பாத்து சிரிப்பாங்க. புத்தகங்க, தாள் இல்லை. பள்ளிக்கூடத்துல வைப்பாங்க."

"அப்ப என்ன பண்ணப்போறே?"

"அஞ்சு நிமிஷம் குடுத்திருக்காரு இல்ல?" என்றாள் துரினா. "பதினோரு வரியைப் படிக்க ஒண்ணரை நிமிஷம் போதும்."

சனிக்கிழமை காலை மாவட்ட அலுவலக அரங்கின் முகப்பில் பேனர் தொங்கியது. எங்கள் பக்கம் கதையை அலசுவதோ ஆராய்வதோ கிடையாது, அறுவை செய்வோம். 'சிறுகதை அறுவை' என்று பெரிதாகவும், பாக் பிரோஜோவின் பெயரும் பட்டங்களும் அதைவிடப் பெரிதாகவும் இருந்தன. மிச்சமிருந்த மூலையில் துரினாவின் பெயர், மருந்துப் புட்டியில் காலாவதித் தேதி போடும் அளவில்.

நூலக அதிகாரி இபு ஹெர்மின் கெட்டிக்காரப் பெண்மணி. இலக்கியக் கூட்டம் என்றால் எட்டுப் பேர் வருவார்கள், அதில் மூவர் சிற்றுண்டிப் பெட்டிக்காக என்பது அவளுக்குத் தெரியும். கதை ஊர்த்தலைவர் தேர்தலைப் பற்றியது என்பதைப் பிடித்துக்கொண்டு, மாவட்டத்தின் எல்லா ஊர்த்தலைவர்களும் மனைவியோடு வர வேண்டும், சான்றிதழ் உண்டு என்று சுற்றறிக்கை அனுப்பிவிட்டாள். அரங்கு நிரம்பி வழிந்தது. தலைவர்கள் காக்கிச் சீருடையில் விறைப்பாக. மனைவிமார் ஒரே நிறப் பர்தாவில், ஆளுக்கொரு சிற்றுண்டிப் பெட்டியோடு. அந்த மனைவிமாரில் பத்துப் பதினைந்து பேராவது என்றோ ஒருநாள் மேடையில் எதிரியாக உட்கார்ந்து எழுந்தவர்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. பாக் பிரோஜோ நிச்சயமாக யோசிக்கவில்லை.

தேசிய கீதம், பிரார்த்தனை, வரவேற்புரை, மாவட்டத் தலைவரின் வாழ்த்து, அதை வாசிக்க வந்தவரின் சொந்த வாழ்த்து. பிறகு பாக் பிரோஜோ எழுந்தார். ஒரு மணி பத்து நிமிடம் பேசினார்.

"நெற்கதிர் எங்க இருக்கு? மண்ணுக்கு மேல. வெளிச்சத்துல. அதுதான் ஆண். மரவள்ளி எங்க இருக்கு? மண்ணுக்கடியில. இருட்டுல. அதுதான் பெண்! அந்த ஒரே ஓட்டு யாருடையது? சுமர்ணியுடையது. இந்த உலகத்துல அவளை நம்பின ஒரே ஆள் அவதான். 'மரவள்ளிக்கு ஒரு ஓட்டு' என்ற தலைப்பு ஒரு தோல்வியின் கல்வெட்டு!"

முன்வரிசையில் சோற்றுருண்டையின் வாழையிலையைப் பிரித்துக்கொண்டிருந்த மனைவிமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்களைக் கிழங்கு என்கிறாரா, இருட்டு என்கிறாரா என்று புரியவில்லை. இரண்டுமே மரியாதையாகப் படவில்லை.

மேடையில் துரினா மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஐந்து நிமிடம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. பாக் பிரோஜோ ஒருவழியாக அமர்ந்தபோது, நிகழ்ச்சித் தொகுப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நேரமின்மையால் எழுத்தாளர் உரைக்குப் பதிலாக நேரடியாகக் குழுப் புகைப்படம்..." என்று தொடங்கினார்.

"ஒரு கேள்வி."

முன்வரிசையில் ஒரு பருத்த பெண்மணி எழுந்து நின்றிருந்தாள். இபு கஸ்மிரா, உப்பளத்துப் பக்கம் ஓர் ஊரின் தலைவர் தார்சோனோவின் மனைவி. கையை உயர்த்தவில்லை, ஒலிவாங்கிக்கும் காத்திருக்கவில்லை. ஏலத்தில் மீன் எடுத்துப் பழகிய குரல்.

"நானும் நின்னிருக்கேன். இவரை எதிர்த்து." பக்கத்திலிருந்த கணவரைச் சுட்டிக்காட்டினாள். "எனக்கு நாப்பத்திமூணு ஓட்டு."

அரங்கு சிரித்தது. தார்சோனோ சிரித்ததில்தான் சத்தம் அதிகம்.

"சிரிங்க, சிரிங்க. அந்த நாப்பத்திமூணுல என் ஓட்டு கிடையாது. நான் இவருக்குத்தான் குத்தினேன். அன்னிக்கு மேடையில உக்காந்த எந்தப் பொம்பளையும் தனக்குக் குத்திக்கிட்டிருக்க மாட்டா. ஊரு சோத்தைப் பொங்கி வச்சிட்டு, புருஷன் ஜெயிக்கணுமேன்னு வயித்துல நெருப்போட உக்காந்திருப்பா. அதனால கேக்கறேன். அந்த சுமர்ணி நெஜமா தனக்கே குத்திக்கிட்டாளா? எனக்கு நம்பிக்கை இல்லை."

பாக் பிரோஜோ கனிவோடு புன்னகைத்தார். கனிவு அவருக்கு மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே பாயும். "இபு, இது வாழ்க்கை இல்லை, இலக்கியம். கதையில என்ன இருக்கோ அதுதான். அதுக்கு வெளிய எழுத்தாளரைக் கேக்கறதுகூடத் தப்பு. கதை அச்சாகி வந்ததும் எழுத்தாளர் இறந்துட்டதாத்தான் இலக்கியத்துல கணக்கு."

"அட கடவுளே" என்றாள் இபு கஸ்மிரா. "பக்கத்துல உக்காந்து ரிசோல் தின்னுக்கிட்டிருக்காங்களே, பாக்."

துரினா தின்றுகொண்டிருந்த அந்தப் பொரித்த சுருளை அவசரமாகக் கீழே வைத்தாள். சிரிப்பு அரங்கின் கடைசி வரிசைவரை போய்த் திரும்பி வந்தது. அது அடங்குவதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"உங்க கேள்விக்குப் பதில் என் பையில இருக்கு, இபு. பத்திரிகைக்காரங்க கடைசிப் பதினோரு வரியை எடுத்துட்டாங்க. நான் கொண்டுவந்திருக்கேன்."

"நேரமில்லை!" என்றார் பாக் பிரோஜோ. அவர் முகத்தில் முதல் முறையாக உண்மையான உணர்ச்சி ஒன்று தெரிந்தது. அது பயம். "அச்சுல வராத வரிகளுக்கு இலக்கியத் தகுதி கிடையாது. தொகுப்பாளரே, புகைப்படம்!"

"ஒரு மணி பத்து நிமிஷம் எங்களைக் கிழங்குன்னு சொன்னீங்க" என்றாள் இபு கஸ்மிரா. "பதினோரு வரி தாங்க மாட்டீங்களா?"

மனைவிமார் வரிசை முழுக்க, "படிக்கட்டும்! படிக்கட்டும்!" என்றது. தொகுப்பாளர் ஒலிவாங்கியைக் கொடுக்கலாமா என்று பாக் பிரோஜோவைப் பார்த்தார். துரினாவுக்கு ஒலிவாங்கி தேவைப்படவில்லை. குழந்தைகள் அலறும் காத்திருப்பறையில் இருபத்திரண்டு வருஷம் பெயர் கூப்பிட்டவள் அவள். மேடையின் விளிம்புக்கு வந்து, தாளை விரித்து, மூன்றாவது எண் நோயாளியைக் கூப்பிடும் அதே தெளிவோடு படித்தாள்.

"கூட்டம் சிரித்து ஓய்ந்தபிறகு சுமர்ணி உதட்டை அசைக்காமல் சொன்னாள்: 'அது நான் குத்தினதில்லைங்க. நான் நெல்லைத்தான் குத்தினேன். சத்தியமா.'

'தெரியும்' என்றான் கார்மாத். அவனும் கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

'உங்களுக்கு எப்படித் தெரியும்?'

'குத்தினவன் கைக்குத் தெரியாதா?'

சுமர்ணி திரும்பினாள். கார்மாத்தின் காது சிவந்திருந்தது.

'ஊரெல்லாம் நெல்லு நெல்லுன்னு கும்பிட்டேன்' என்றான். 'உள்ள போய் ஆணியைக் கையில எடுத்தா, இத்தனை வருஷம் இந்த ஊரோட மனுவையெல்லாம் எழுதினது யாரு, வேலிச் சண்டையைத் தீத்தது யாருன்னு ஒரு நெனைப்பு. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிஞ்சவன் சரியா குத்தணும் இல்ல?'

ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வாங்கியவன் எழுந்தான். ஒரு ஓட்டு வாங்கியவளின் முன்னால், ஊர் பார்க்க, தலை குனிந்து வணங்கினான்."

துரினா தாளை மடித்தாள்.

அரங்கில் சத்தமே இல்லை. குடிநீர்க் குவளையில் யாரோ உறிஞ்சுகுழலைக் குத்தும் ஒலிகூடக் கேட்டது. துரினா வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்தாள். தோற்றுவிட்டோம் என்று நினைத்தாள். விஷயம் வேறு. நூற்றுக்கணக்கான பேர் அந்த நேரத்தில் கதையைத் தலைகீழாகத் திருப்பி முதலிலிருந்து தங்களுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்: அந்தச் சிரிப்பை, அந்த மேடையை, அந்தத் தலைப்பை. அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும் அல்லவா?

அமைதியை உடைத்தது இபு கஸ்மிராதான். அவள் மேடையைப் பார்க்கவில்லை. கணவர் பக்கம் திரும்பி, அரங்கு முழுவதும் கேட்கும்படி, "ஏங்க. நீங்க எதைக் குத்துனீங்க?" என்றாள்.

தார்சோனோ வாயிலிருந்த வேர்க்கடலையை மெல்ல மறந்தார்.

"நானா? அது... ரகசிய வாக்கெடுப்பும்மா. சட்டம் இருக்கு."

"நான் உங்களைக் குத்தினேன்னு மாவட்டத்துக்கே சொல்லிட்டேன். நீங்க சொல்லுங்க."

அப்புறம் அணை உடைந்தது. மூன்றாவது வரிசையில் ஒருத்தி கணவரின் காக்கிச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "நீங்க?" ஐந்தாவது வரிசையில் ஒருவர் தானாகவே எழுந்து, "நான் உனக்குத்தான் குத்தினேன், சத்தியமா!" என்றார். "எனக்கு ஒரு ஓட்டுகூட விழலையேய்யா!" என்றாள் அவர் மனைவி. அரங்கு கூரை பிய்ந்துவிடும்போல் சிரித்தது. பின்வரிசையில் நரைத்த தலைவர் ஒருவர் விரலால் தன் நெஞ்சைத் தொட்டு, பிறகு மனைவியைக் காட்டினார். அவள் பர்தாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. முதலில் கைதட்டத் தொடங்கியவர்கள் அவர்கள்தான். அந்தக் கைதட்டல் வரிசை வரிசையாக முன்னேறி மேடைக்கு வந்து சேர்ந்தது. வஸ்துகி வாசலருகே நின்று, பக்கத்திலிருந்த ஓட்டுநரிடம், "என் பொண்டாட்டி, என் பொண்டாட்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரென்று ஓட்டுநர் அவரைக் கேட்கவே இல்லை.

"அன்பர்களே! இது இலக்கிய அரங்கு!" என்றார் பாக் பிரோஜோ ஒலிவாங்கியில். பரிதாபம், ஒலிவாங்கி வைத்திருந்தும் அவர் குரல்தான் கேட்கவில்லை.

இபு ஹெர்மின் எழுந்து வந்து அதை அவர் கையிலிருந்து மரியாதையாக வாங்கினாள். அதிகாரிக்குரிய விவேகம் அவளிடம் நிறைய உண்டு. காற்று எந்தப் பக்கம் என்பதைப் பேசத் தொடங்குவதற்கு முன்பே அறிந்துவிடுவாள்.

"தொகுப்புல இந்தக் கதை முழுசா வரும். பதினோரு வரியும் சேத்து."

முன்வரிசை மனைவிமார் எழுந்து நின்றே கைதட்டினார்கள்.

"இபு ஹெர்மின்!" பாக் பிரோஜோ அவள் காதருகே குனிந்தார். பதற்றத்தில் ஒலிவாங்கி அணைக்கப்படவில்லை என்பதை மறந்துவிட்டார். "என் முன்னுரை? பதினேழு பக்கம்! அது அந்தக் கதைக்கு எழுதினது."

"எந்தக் கதைக்கு, பாக்?"

"இதுக்கு முன்னால இருந்த கதைக்கு."

"அப்ப முன்னுரையை எடுத்துடலாம். பதினேழு பக்கம் தாள் மிச்சம்."

அந்த அரங்கில் அன்று நான்காவது முறையாகப் பெருஞ்சிரிப்பு எழுந்தது. பாக் பிரோஜோ தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கோலாலம்பூரில் அழுத இருவரைப் பற்றி நினைத்திருக்க வேண்டும். பிறகு துரினாவின் பக்கம் கையை நீட்டினார். அவள் தாளைக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உதடுகள் அசையப் படித்தார். 'குத்தினவன் கைக்குத் தெரியாதா' என்ற இடத்தில் உதடுகள் நின்றன. மறுபடி அதே வரிக்குப் போயின. அவருடைய மீசைக்குக் கீழே, எந்த ஆய்விதழிலும் இடம்பெறாத ஒரு சின்னச் சிரிப்பு, அவர் தடுப்பதற்குள் வெளியே வந்துவிட்டது.

"இதை ஏன் நீங்க முன்னாலயே காட்டலை?" என்றார்.

துரினா அவரைப் பார்த்தாள். சொல்வதற்கு நிறைய இருந்தது. வென்றவளுக்கு எதையும் சொல்ல வேண்டிய அவசியமில்லை என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தாள்.

"திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள்ள புது முன்னுரை தந்துடறேன்" என்று பாக் பிரோஜோ இபு ஹெர்மினிடம் சொன்னார். "இன்னும் ஆழமா."

"மூணு பக்கம், பாக்" என்றாள் அவள்.

தொகுப்பாளர் மறுபடியும் புகைப்படத்துக்கு அழைத்தார். யாரும் அசையவில்லை. இபு கஸ்மிரா இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கூவினாள்.

"இபு துரினா! முதல்லேர்ந்து படிங்க! முழுக் கதையும்! பத்திரிகையில படிச்சது செல்லாது!"

"ஆமா, செல்லாது! திரும்ப எண்ணணும்!" என்றார் கடலை மென்று முடித்த தார்சோனோ. எதைக் குத்தினார் என்ற மனைவியின் கேள்வி இன்னும் தீரவில்லை. கவனத்தைத் திருப்ப அவருக்கு ஏதாவது தேவைப்பட்டது.

துரினா திரும்ப மேடையின் விளிம்புக்கு வந்தாள். கைபேசியில் கதையைத் திறந்தாள். அதே அரங்கில் அன்று காலை தொகுப்பாளர் இதே தலைப்பை வாசித்தபோது நான்கைந்து பேர் வாய்க்குள் சிரித்திருந்தார்கள். அவள் நிமிர்ந்து நின்று, மூச்சை இழுத்து, சன்னலில் பெயர் கூப்பிடும் குரலில் தலைப்பை மட்டும் சொன்னாள்.

"மரவள்ளிக்கு ஒரு ஓட்டு."

முன்வரிசை எழுந்தது. அதற்குப் பின்வரிசை எழுந்தது. காக்கிச் சீருடைகள் எழுந்தன. கைதட்டலும் சீழ்க்கையும், மனைவிமார் தங்கள் கணவர்களின் முதுகில் கொடுத்த அன்பான அறைகளும் சேர்ந்து எழுப்பிய சத்தத்தில் வெளியே வண்டி நிறுத்துமிடத்திலிருந்த காவலாளி உள்ளே ஓடிவந்து பார்த்தார். துரினா இரண்டு முறை வாயைத் திறந்து இரண்டு முறையும் மூடினாள். தலைப்பைத் தாண்டி முதல் வரிக்குப் போக அவளை அவர்கள் நான்கு நிமிடம் விடவில்லை.